அட்டையில் ஒரு தேதி

ஊரிலிருந்து போன் பேசுகிறவர்கள் என்னிடம் வழக்கமாகக் கேட்பது மூன்று கேள்விகள். குளிர் எப்படி இருக்கு? தோசை மாவு பொங்குதா? நம்ம காய்கறி கிடைக்குதா? ஜெர்மனிக்கு வந்த நாளிலிருந்து பதில் சொல்லிச் சொல்லி எல்லாம் மனப்பாடம். "உன் அட்டை எப்போ முடியுது?" என்று மட்டும் யாரும் கேட்டதில்லை. இங்கே குடித்தனம் நடத்தும் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தால் முதலில் விசாரித்துக் கொள்வது அதைத்தான்!

வெளிநாட்டவர் இங்கே தங்குவதற்கான அனுமதி முன்பெல்லாம் பாஸ்போர்ட்டில் ஒட்டும் ஸ்டிக்கராக இருந்ததாம். 2011 செப்டம்பரிலிருந்து அதையே கையடக்கமான பிளாஸ்டிக் அட்டையாகத் தருகிறார்கள். நம் போட்டோ, விரல் ரேகை, எதற்காகத் தங்குகிறோம், எந்தத் தேதி வரை, எல்லாம் அதில் உண்டு. என் அட்டையில் இருந்த தேதி 2024 நவம்பர் 30.

புதுப்பிக்கும் வேலையை ஆகஸ்டிலேயே தொடங்கிவிட்டேன். என் கணவர், "நீயே பாத்துக்கோம்மா, எனக்கு ஆபீஸ் தலைக்கு மேல இருக்கு" என்று ஒதுங்கிக் கொண்டார். ஆண்பிள்ளைகள் சௌகரியம்! என் பீரோவில் பட்டுப்புடவைகளுக்குப் பக்கத்தில் ஒரு ஃபைல் இருக்கிறது. அவருடைய கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வாடகை ஒப்பந்தம், மருத்துவ இன்ஷூரன்ஸ் கடிதம், விலாசம் பதிந்த சான்று, என் பாஸ்போர்ட். வாடகை ஒப்பந்தத்தில் வீடு எத்தனை சதுர மீட்டர் என்பதுகூட முக்கியம். பாஸ்போர்ட் முடிகிற தேதியைத் தாண்டி அட்டை தரமாட்டார்கள் என்பதால் அதை முந்தின வருஷமே புதுப்பித்து வைத்திருந்தேன். 35-க்கு 45 மில்லிமீட்டரில், பல் தெரியாமல் ஒரு போட்டோ. இப்போது அந்தக் காகிதப் போட்டோ செல்லாது. 2025 மே முதல் டிஜிட்டல் படம்தான், அதுவும் அங்கீகாரம் பெற்ற போட்டோக்காரர் எடுத்து நேரே அனுப்ப வேண்டும், அல்லது அலுவலகத்து மெஷினில் எடுத்துக் கொள்ள வேண்டும்.

விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. பதிலும் வந்தது: டிசம்பர் 17-ந் தேதி நேரில் வரவும். அட்டை முடிந்து பதினேழு நாள் கழித்து! "தேதி முடியறதுக்குள்ள விண்ணப்பம் போட்டாச்சுன்னா, அவங்க முடிவு சொல்ற வரைக்கும் பழைய அனுமதி தொடரும். சட்டமே அப்படித்தான்" என்று பக்கத்து வீட்டுக்காரம்மா தைரியம் சொன்னார். அவர் துருக்கியிலிருந்து வந்தவர், இதிலெல்லாம் பழம் தின்று கொட்டை போட்டவர். சரி, காத்திருப்போம் என்று இருந்தேன்.

நவம்பர் 12, இங்கே விடிகாலை. அண்ணாவின் போன். அம்மா கும்பகோணத்து வீட்டில் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள். இடுப்பில் எலும்பு முறிவு. வயது எழுபத்தாறு.

போவதற்கு ஒரு தடையும் இல்லை. என் நாட்டுக்கு நான் போக யார் கேட்பது? திரும்பி வருவதுதான் கேள்வி. நவம்பர் 30-க்குப் பிறகு சென்னையில் விமானம் ஏற வேண்டுமானால் கையில் இருப்பது காலாவதியான அட்டை. குழந்தை இங்கே, நான் அங்கே என்று ஆகிவிட்டால்? அன்று அடுப்பில் பால் பொங்கி வழிந்தது கூட எனக்குத் தெரியவில்லை.

அதற்கும் ஒரு காகிதம் உண்டு. 'ஃபிக்ஷன்ஸ்பெஷைனிகுங்' என்று வாயில் நுழையாத பேர். ஃபிக்ஷன் என்றால் கற்பனைதானே? இவளுடைய அனுமதி இன்னும் முடியவில்லை என்று வைத்துக் கொள்ளவும் என அரசாங்கமே எழுதித் தரும் சீட்டு! அதில் மூன்று கட்டங்கள். மூன்றாவது கட்டத்தில் குறி இருந்தால்தான் பழைய அனுமதி தொடர்கிறது என்று பொருள், வெளிநாடு போய்த் திரும்பலாம். முதல் இரண்டில் இருந்தால் அந்தச் சீட்டைக் காட்டித் திரும்பி வர முடியாது. ஒரு சின்னக் குறி எந்தக் கட்டத்தில் விழுகிறது என்பதில் இத்தனையும்!

மறுநாள் காலை ஏழு மணிக்கே அலுவலக வாசலில் நின்றேன். முன்பதிவு கிடையாது. இருட்டு, குளிர், எனக்கு முன்னால் முப்பது பேர். கவுண்டரில் இருந்த பெண்மணிக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், சிரிப்பே இல்லாத முகம். எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன். அண்ணா அனுப்பியிருந்த டாக்டர் கடிதத்தையும் எக்ஸ்ரே படத்தையும் போனில் காட்டினேன். படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இடது பக்கமா?" என்று மட்டும் கேட்டாள். இருபது நிமிஷத்தில் சீட்டு கைக்கு வந்தது. கட்டணம் 13 யூரோ. மூன்றாவது கட்டத்தில் குறி. டிசம்பர் நேர்காணலை ஜனவரிக்குத் தள்ளிப் போட்டும் கொடுத்தாள். ஆறு மாதத்துக்கு மேல் வெளியே தங்கினால் பொதுவாக அனுமதியே ரத்தாகிவிடும் என்று எச்சரித்தும் அனுப்பினாள்.

நான் போய்ச் சேருவதற்குள் ஆபரேஷன் முடிந்து, மறுநாளே அம்மாவை வாக்கர் பிடித்து நிற்க வைத்திருந்தார்கள். படுக்கையிலேயே போட்டுவிட்டால் நுரையீரலில் சளி கட்டும், படுக்கைப் புண் வரும், காலில் ரத்தம் உறையும் என்று டாக்டர் விளக்கினார். வீட்டுக்கு வந்ததும் நானும் அண்ணியும் முதலில் செய்த காரியம், குளியலறைச் சுவரில் கைப்பிடிக் கம்பி, வழுக்காத மிதியடி, உயரமான கமோட், ராத்திரிக்கு ஒரு சின்ன விளக்கு. வயதானவர்கள் இருக்கிற வீட்டில் விழுவதற்கு முன்பே இதைச் செய்து வைக்கலாம், பெரிய செலவில்லை.

ஏழு வாரம் ஓடிவிட்டது. கிளம்பும் நாள் நெருங்க நெருங்க அம்மாவுக்குக் கோபம். "பொங்கல் வரைக்கும் இருந்துட்டுப் போயேன்" என்றாள். நேர்காணல் ஜனவரி 14, சரியாகப் பொங்கலன்று. சீட்டு விஷயத்தைச் சொன்னேன். "உன் புருஷன் வீட்டுக்கு நீ போறதுக்கு எவன்டி சீட்டு தரணும்?" என்று கேட்டாளே பார்க்க வேண்டும்! எனக்குப் பதில் வரவில்லை. அண்ணிதான் பேச்சை மாற்றி அவளுக்குக் கஞ்சி கொடுத்தாள்.

சென்னை விமான நிலையத்தில் கவுண்டர் பெண் அந்தச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மேலதிகாரி வந்தார், யாருக்கோ போன் போட்டார். அரை மணி நேரம். நான் மூன்றாவது கட்டத்தில் விரலை வைத்தபடியே நின்றேன். நேராக ஜெர்மனியில் இறங்கும் விமானமாகப் பார்த்து டிக்கெட் எடுத்தது நல்லதாகப் போயிற்று. இறங்கிய இடத்தில் இரண்டே நிமிஷம்தான்.

பொங்கலன்று விரல் ரேகை எடுக்கப் போனால், ரேகை விழவில்லை! பாத்திரம் தேய்த்தும் குளிரில் வறண்டும் விரல் நுனிகள் மரத்துப் போயிருந்தன. உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கி, நாலாவது தடவையில் பதிந்தது. இப்போது ராத்திரி படுக்கும் முன் வாசலின் தடவிக் கொள்கிறேன். (தேங்காயெண்ணெய் இங்கே குளிரில் கல்லாகிவிடுகிறது!) நீட்டிப்புக் கட்டணம் 93 யூரோ, குழந்தைக்கு அதில் பாதி. அட்டைகள் பெர்லினில் அச்சாகி வருகின்றன. ஆறு வாரம் ஆயிற்று.

இந்த அலைச்சலில் சட்டத்தைப் புரட்டியபோது ஒன்று கண்ணில் பட்டது. என்னைப் போலக் கணவர் வழியாக அனுமதி பெற்றவள், அவருடன் ஜெர்மனியில் மூன்று வருஷம் சேர்ந்து வாழ்ந்திருந்தால், பிறகு பிரிய நேர்ந்தாலும் அவளுக்கென்று தனியாக ஒரு வருஷ நீட்டிப்பு உண்டு. கணவர் இறந்துவிட்டாலோ, வீட்டில் அடிஉதை போன்ற கொடுமை இருந்தாலோ அந்த மூன்று வருஷக் கணக்குகூடப் பார்ப்பதில்லை. என் கணவர் தங்கமானவர், எனக்கு அந்த அவசியமில்லை. ஆனாலும் எங்கள் வெள்ளிக்கிழமை பஜனையில் இதைச் சொன்னபோது, அதிகம் பேசாத ஒரு பெண் தனியே வந்து, "அக்கா, அந்த மூணு வருஷம் எந்த நாள்லேருந்து கணக்கு?" என்று கேட்டாள். இங்கே சேர்ந்து வாழத் தொடங்கிய நாளிலிருந்து என்றேன். பெண்களுக்கு இலவசமாக ஆலோசனை சொல்லும் இடத்துக்கும் அவளைக் கூட்டிக் கொண்டு போனேன்.

புது அட்டை 2027 வரை. அதற்குள் நிரந்தர அனுமதி வாங்கிவிடலாம் என்று ஜெர்மன் வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். பி1 பரீட்சை தேற வேண்டும். இந்த நாட்டைப் பற்றி 33 கேள்விகள் கொண்ட இன்னொரு பரீட்சையும் உண்டு, அதில் 15 சரியாக இருந்தால் போதும். கேள்விகள் பரவாயில்லை, இலக்கணம்தான் உயிரை வாங்குகிறது. மேஜை ஆண்பால், விளக்கு பெண்பால், சிறுமி மட்டும் இரண்டும் இல்லாத அஃறிணை! இது என்ன அநியாயம் என்று டீச்சரிடம் கேட்டேன். "சென்" என்று முடியும் செல்லப் பெயர்களெல்லாம் அப்படித்தான், மனப்பாடம் செய்துகொள் என்றார்.