கண்ணாடியும் காலடியும்

பழையது என்பதற்காகவே ஒன்றைப் பணிந்து வணங்காதே என்று வகுப்பறையில் வாய் ஓயாமல் பேசுகிறவர்கள் நாம். ஏட்டில் இருக்கிறது என்றால் மட்டும் போதாது, எண்ணிப் பார், எதிர்க்கேள்வி கேள் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறவர்கள். அப்படிப்பட்ட நாமே சென்ற ஆண்டு ஒரு பழங்கண்ணாடியின் முன் கைகட்டி நின்றோம் என்றால் நம்புவீர்களா தோழர்களே? நின்றோம். நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய் காணிக்கையும் செலுத்தினோம்!

நடந்ததைத் தொடக்கத்திலிருந்தே சொல்லிவிடுகிறோம்.

விருத்தாசலம் என்றதும் வெளியூரார்க்குப் பீங்கான் நினைவுக்கு வரும். அங்குள்ள தொழிற்பேட்டையின் சூளைகளில் வெந்து வரும் பொம்மைகளும், மின்சாரப் பியூஸ் கட்டைகளும் நாட்டின் பல பகுதிகளுக்குப் போகின்றன. அந்த விருத்தாசலத்தை அடுத்த கருவேப்பிலங்குறிச்சிதான் நாம் வாழும் ஊர். எம் மாணவர்களின் தாய்தந்தையரில் பலர் காலைப் பேருந்தில் சூளைவேலைக்குப் போய், மாலையில் வெண்களிமண் அப்பிய ஆடையோடு திரும்புகிறவர்கள். ஊருக்கு அழகு வெள்ளாறு. ஆண்டின் பெரும்பகுதி மணலாய்க் கிடக்கும். ஐப்பசி கார்த்திகையில் கரைதொட்டு ஓடும். ஆசிரியப் பணியில் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், மிச்சம்பிடித்த பணத்தில் பிறர் பயன்படுத்திய காமிரா ஒன்றை வாங்கி, அந்த ஆற்றைப் படமெடுக்கத் தொடங்கினோம்.

தமிழர் திருநாளையொட்டிப் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் பன்னிரண்டு படங்களை மாட்டினோம். "வெள்ளாற்றங்கரையில் எங்கள் ஊர்" என்று தலைப்பு. நடுநாயகமாக ஒரு படம்: பெருகியோடும் ஆறு, அதை ஒட்டி நெடிதுயர்ந்த தென்னந்தோப்பு, தோப்பின் தலைக்குமேல் தாம்பாளம் போலச் சூரியன். பார்த்தவர் எல்லாம் பாராட்டினர். நாமும் மகிழ்ந்து நின்ற வேளையில், எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி அந்தப் படத்தை மேலும் கீழும் தேடிவிட்டுக் கேட்டாள்:

"சார், எங்க தெரு இதுல எங்க இருக்கு?"

"படத்தில் எல்லாம் அடங்காதம்மா" என்றோம். அது பொய். அவள் தெரு ஆற்றங்கரையின் தாழ்வான ஓரத்தில் இருக்கிறது. தண்ணீர் வந்தால் முதலில் தட்டுவது அந்தத் தெருவின் கதவுகளைத்தான். நம் நாட்டு ஊர்களில் தாழ்ந்த நிலம் யாருக்கென ஒதுக்கப்பட்டது என்பதை இந்த ஏட்டின் வாசகர்க்கு விளக்க வேண்டியதில்லை. நாமோ நண்பரிடம் இரவல் வாங்கிய 55-200 மி.மீ. ஜூம் லென்சை மாட்டிக்கொண்டு, செருப்பில் சேறு படாத சாலையோரத்தில் நின்று, வளையத்தைத் திருகித் திருகி, கூரைகளும் கம்பிகளும் தண்ணீர்த் தொட்டியும் வெளியேறும்வரை ஊரைச் சுருக்கினோம். 'அழகு' கெடக்கூடாதல்லவா! அதனால், ஆற்றிலிருந்து எங்கோ உள்ளே இருக்கும் தென்னந்தோப்பு படத்தில் தண்ணீரின் விளிம்பிலேயே நிற்கிறது. தண்ணீரின் விளிம்பிலேயே வாழ்கிற தெரு மறைந்துவிட்டது.

நிலக்காட்சி என்ற சொல்லையே நாம் தவறாகப் புரிந்துகொண்டிருந்தோம் என்று இப்போது தோன்றுகிறது. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வைத்த தொல்காப்பியம், அத்துடன் நின்றுவிடவில்லை. அந்நிலத்து மரமும் மாவும் பறையும் தொழிலும் கருப்பொருளாயின. அங்கு வாழும் மாந்தர் நெஞ்சத்து ஒழுக்கம் உரிப்பொருளாயிற்று. ஆளில்லாத நிலத்தைத் திணை என்று தமிழன் அழைத்ததில்லை. கலைக்கல்லூரியில் இதைத் தேர்வுக்குப் படித்து மதிப்பெண்ணும் வாங்கியவர்கள் நாம். காமிரா கைக்கு வந்ததும் மறந்துவிட்டது.

இந்த வருத்தத்தைச் சென்னையில் இருக்கும் நண்பர் ஒருவரிடம் சொன்னோம். அவர் துள்ளி எழுந்தார். "குற்றம் ஜூமுடையது! அது சோம்பேறியின் கருவி. நின்ற இடத்திலிருந்தே உலகத்தை இழுத்துத் தரும். பழைய பிரைம் லென்ஸ் வாங்கு. ஒரே குவியத் தொலைவு. அருகில் வேண்டுமா, நடக்க வேண்டும். அகலமாக வேண்டுமா, பின்வாங்க வேண்டும். அந்தக் காலத்துக் கண்ணாடியில் உயிர் இருக்கிறது" என்றார். உயிர்! நம் காதில் மணி அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை. உடனே பணம் அனுப்பினோம்.

வந்து சேர்ந்தது ஹீலியோஸ் 44-2. 58 மி.மீ., எஃப்-2. இரண்டாம் உலகப்போருக்குப் பின், ஜெர்மனியின் கார்ல் சைஸ் நிறுவனத்துப் பயோட்டார் லென்சின் வடிவமைப்பைத் தழுவிச் சோவியத் நாட்டில் எழுந்த குடும்பம். மாஸ்கோவுக்கு அருகிலுள்ள கிராஸ்னகோர்ஸ்க் உள்ளிட்ட ஆலைகளில் பெருந்தொகையாகச் செய்யப்பட்டது. உலோக உடல்; திருகினால் வெண்ணெயில் கத்தி இறங்குவது போன்ற ஓட்டம். இணைப்பு வளையம் ஒன்றைப் போட்டு நம் காமிராவில் மாட்டினோம். (வாங்க நினைப்போர் ஒன்றைக் கவனிக்கவும்: நிக்கான் எஸ்.எல்.ஆர். காமிராவில் வெறும் வளையத்தோடு இதை மாட்டினால் தொலைவிலுள்ளது தெளிவாக விழாது. நிலக்காட்சிக்கு வாங்கிவிட்டுத் தலையில் அடித்துக்கொள்ளக் கூடாது.)

முதல் வாரம் முழுதும் பரவசம். இரண்டாம் வாரம் பகுத்தறிவு திரும்பி வந்தது. சோதித்துப் பாராமல் நம்பினால் நமக்கும் மந்திரித்த தாயத்துக் கட்டுகிறவனுக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டுக்கொண்டு, ஒரு விடியற்காலையில் முக்காலியோடு கரைக்குப் போனோம். காமிராவோடு வந்த 18-55 மி.மீ. சாதாரண ஜூம் ஒருபுறம், ஹீலியோஸ் மறுபுறம். இரண்டையும் எஃப்-8இல் வைத்து, ஜூமை 55க்குத் திருப்பி, ஒரே காட்சியை மாற்றி மாற்றி எடுத்தோம். படங்களை அச்சிட்டு, பின்புறம் மட்டும் குறியிட்டு, வகுப்பில் கொடுத்தோம். எது விலையுயர்ந்த உயிர்க்கண்ணாடி, எது சாதாரணம்? பிள்ளைகள் உற்று உற்றுப் பார்த்தார்கள். ஏறக்குறையப் பாதிப்பேர் மாற்றிச் சொன்னார்கள். காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் அந்த விடைதான் கிடைத்திருக்கும்.

ஹீலியோசின் புகழுக்குக் காரணம், துளையை முழுதும் திறந்து ஓர் ஆளை எடுக்கும்போது பின்னணி சுழிசுழியாகக் கலங்குவது. நிலக்காட்சிக்கோ முன்னுள்ள புல்லும் பின்னுள்ள மரமும் ஒருங்கே தெளிய வேண்டும். துளையை எஃப்-8, எஃப்-11 என்று சுருக்குகிறோம். சுருக்கியதும் சுழியும் போயிற்று, உயிரும் போயிற்று! பெரும்பாலான லென்சுகள் அந்நிலையில் நல்ல பிள்ளைகளாகவே நடந்துகொள்கின்றன.

ஆனால், சூரியனை நேர்நோக்கி எடுத்த படத்தில் ஒரு பிள்ளைகூடத் தவறவில்லை. ஜூமின் படத்தில் ஆறு ஆறாகத் தெரிந்தது. ஹீலியோசின் படத்தில் மேலெல்லாம் மோர் ஊற்றியது போல வெளிறிக் கிடந்தது. ஹீலியோஸ் என்பது கிரேக்கர்களின் சூரியக் கடவுளின் பெயர். சூரியன் பெயரைச் சூட்டிக்கொண்டு சூரியனைப் பார்க்க முடியாத கண்ணாடி! பெயர் வைத்தால் பேறு வரும் என்போர் இதற்கு என்ன விடை சொல்வரோ.

காரணம் மாயமன்று. பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு நான்கு பங்கு போலத் திருப்பி அடிக்கும். ஹீலியோசில் ஆறு வில்லைகள் நான்கு தொகுதிகளாக நிற்கின்றன; காற்றைத் தொடும் பரப்பு எட்டு. பூச்சே இல்லையென்றால் நூறு பங்கு ஒளியில் எழுபத்திரண்டுதான் உள்ளே சேரும். திரும்பிய ஒளி உள்ளேயே மோதி அலைந்து படத்தை வெளிறச் செய்யும். பதினொரு தொகுதி கொண்ட ஜூமில் பரப்பு இருபத்திரண்டு. கணக்குப் போட்டால் நாற்பத்தொன்றுதான் மிஞ்சுகிறது! நல்ல ஜூம் லென்ஸ் ஏன் முன்பே பிறக்கவில்லை என்பதற்கு இக்கணக்கும் ஒரு விடை. 1935இல் சைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மாகுலா என்ற அறிவியலாளர் ஒளித்தெறிப்பைக் குறைக்கும் மெல்லிய பூச்சைக் கண்டார். 35 மி.மீ. நிழற்படக் காமிராவுக்கான முதல் ஜூம், ஃபிராங்க் பேக் வடிவமைத்த 36-82 மி.மீ. சூமார், 1959இல் வந்தது. பின்னர், பல அடுக்குப் பூச்சும், கணிப்பொறி கொண்டு வில்லை வளைவைக் கணக்கிடும் முறையும் வளர்ந்தன. ஹீலியோசிலும் பூச்சு உண்டு. ஆனால் அது அந்தக் காலத்துப் பூச்சு. பாட்டனை விடப் பேரன் ஒளியை நன்கு கையாள்கிறான். இதை ஒப்புக்கொள்வதில் பாட்டனுக்கு இழிவில்லை.

அப்படியானால் நண்பர் சொன்ன நடை? அதில் உண்மை இல்லையா?

நடந்து பார்த்தோம். ஹீலியோசை ஏந்திக்கொண்டு அந்தச் சிறுமியின் தெருவுக்குப் போனோம். அவள் பாட்டி திண்ணையில் இடம் விட்டு, "உக்காருங்க சார், மோர் குடிங்க" என்றார். திண்ணையிலிருந்து பார்த்தால் எதிரே எட்டிப்பிடிக்கும் தொலைவில் ஆறு. காமிராவைக் கண்ணில் வைத்தோம். வாசற்படி வந்தால் ஆறு இல்லை. ஆறு வந்தால் அடுத்த வீடு இல்லை. நம் காமிராவின் ஒளியுணர் தகடு பழைய பிலிமைவிடச் சிறியது. அதில் 58 மி.மீ. என்பது பிலிம் காலத்து 87 மி.மீ. போல ஒடுங்கிப் பார்க்கும். பக்கவாட்டில் ஏறத்தாழ 23 பாகைதான் அடங்கும். பின்வாங்கு என்கிறது நண்பரின் வேதம். எங்கே வாங்குவது? முதுகுக்குப் பின்னே சுவர்! தெருவே எட்டு அடி.

அங்கேதான் நமக்கு ஒன்று விளங்கிற்று. தோப்பைத் தண்ணீர் ஓரத்துக்கு இழுத்து வந்தது ஜூம் அன்று. நாம் தொலைவில் நின்றது. ஒரே இடத்தில் நின்றுகொண்டு எந்த லென்சை மாட்டினாலும், முன்னுள்ளதற்கும் பின்னுள்ளதற்கும் இடையே தெரியும் அளவு வேறுபாடு மாறுவதில்லை. குவியத் தொலைவு செய்வதெல்லாம் காட்சியில் எவ்வளவை வெட்டி எடுப்பது என்பதுதான். எது பெரிதாகத் தெரியும், எது எதன் பின்னே மறையும் என்பதை முடிவு செய்வது கால்கள் நிற்கும் இடம். ஜூம் நடையைத் தவிர்க்கும் என்பது தவறு. பிரைம் நடக்க வைக்கும் என்பதும் பாதிதான் சரி. பிரைம் லென்சுக்காகப் பின்னே நடந்தால் நிற்க வேண்டிய இடத்தையே இழந்துவிடுகிறோமே! முதலில் இடம்; பிறகுதான் எத்தனை மில்லிமீட்டர்.

தஞ்சைப் பெரிய கோயிலை 1858இல் படமெடுத்த லின்னேயஸ் டிரைப் நினைவுக்கு வந்தார். சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரர் அவர். கோயிலின் அடித்தளத்தில் வரிவரியாக ஓடும் தமிழ்க் கல்வெட்டுகள் ஒரு படத்தில் அடங்கா. அடக்க வேண்டுமென்று தொலைவுக்குப் போனால் எழுத்து எறும்பாகிவிடும். அவர் தொலைவுக்குப் போகவில்லை. சுவரோரமாகவே காமிராவை நகர்த்தி நகர்த்தி எடுத்த 21 படங்களை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளச் சுருளாக்கினார். நிற்கும் இடத்தை விட்டுக்கொடுக்காமல் இருப்பதற்கு அன்று அவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது.

மறுவாரம் சாதாரண ஜூமோடு அதே திண்ணைக்குப் போனோம். 18 மி.மீ.க்குத் திருப்பியதும் 66 பாகை விரிந்தது. வாசற்படி, பாட்டி காயவைத்திருந்த முந்திரிக்கொட்டை, அடுத்த வீட்டின் சுவரில் சென்ற வெள்ளம் விட்டுச்சென்ற கறை, அதற்கு அப்பால் ஆறு, ஆற்றுக்கு அப்பால் வானம். எல்லாம் ஒரே படத்தில். மழைக்காலத்தில் அக்கரைக்கு நடந்து போக முடியாது என்பதால் 55க்குத் திருப்பி அக்கரைச் சரிவையும் ஒன்று எடுத்தோம். அதையும் அந்தத் திண்ணையில் நின்றே எடுத்தோம்.

நிலக்காட்சிக்கு லென்ஸ் வாங்க எண்ணும் இளைஞர் நம்மைக் கேட்டால், காமிராவோடு வரும் சாதாரண ஜூமே முதலில் போதும் என்போம். கடைக்காரர் அடுத்தபடியாகக் காட்டும் அரை இலட்ச ரூபாய் ஜூமுக்கும் நம்மிடம் வணக்கம் இல்லை. புதியது என்பதற்காகவே விழுந்து கும்பிடுவதும் கும்பிடுதானே. பழைய லென்சை மலிவு கருதியோ, இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று அறியும் ஆசையாலோ வாங்குவது நல்ல காரணம். வாங்குமுன் விளக்கொளியில் பிடித்து, உள்ளே சிலந்திவலை போல் பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நம் பக்கத்து ஈரக்காற்றில் அது மிக விரைவாக வளரும்.

தாழ்வாரத்தின் நடுப்படத்தைக் கழற்றிவிட்டுத் திண்ணைப் படத்தை மாட்டினோம். சிறுமி வந்து பார்த்தாள். முதலில் பாட்டியைக் காட்டினாள், பிறகு சுவரின் கறையைக் காட்டி, "இது வரைக்கும் தண்ணி வந்துச்சு சார், நாங்க இந்தப் பள்ளிக்கூடத்துலதான் படுத்திருந்தோம்" என்றாள். சுற்றி நின்ற பிள்ளைகள் அதன்பின் ஆற்றைப் பார்க்கவில்லை, கறையைத்தான் பார்த்தார்கள்.

ஹீலியோஸ் வீணாகவில்லை. இப்போது அது அறிவியல் ஆசிரியரின் மேசை அறையில் இருக்கிறது. துளை வளையத்தைத் திருகினால் உள்ளே இதழ்கள் விரிந்து குவிவதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்கலாம். இன்றைய லென்சுகள் பலவற்றில் அந்த வளையமே இல்லை. சன்னல்களைச் சாத்தி ஒன்றை மட்டும் திறந்து வைத்து, அதன்முன் ஹீலியோசைப் பிடித்து, பின்னால் ஒரு வெள்ளைத்தாளை நீட்டுகிறார்கள். வெளியிலுள்ள வேப்பமரமும் பள்ளிச்சுவரும் சாலையில் போகும் பேருந்தும் தாளில் தலைகீழாக, வண்ணம் மாறாமல் வந்து விழுகின்றன. சென்ற வெள்ளிக்கிழமை அந்தச் சிறுமிதான் தாள் பிடித்திருந்தாள். பேருந்து நேராகத் தெரியட்டும் என்று தாளைச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.