நட்சத்திரம் தெரியாதவங்க கவனத்துக்கு



தைப்பூச சிறப்பு அர்ச்சனைக்கு இந்த வருஷம் கூகுள் ஃபார்ம் போட்டோம் இல்லையா, அதைத் தயார் பண்ணது நான்தான். அதுல நான் செஞ்ச ஒரு தப்பை இங்க சொல்லிடறேன்.

பெயர், நட்சத்திரம், ராசி, போன் நம்பர். நாலையும் கட்டாயம்னு போட்டேன். ஒண்ணை விட்டாலும் ஃபார்ம் போகாது. முன்ன காகிதத்துல எழுதி வாங்கும்போது நிறைய கட்டம் காலியா வரும், அதனாலதான். இந்தத் தடவை ஒரு கட்டம்கூட காலி இல்லை. எனக்கு ரொம்ப சந்தோஷம்.

ஐயருக்குப் பட்டியல் எடுக்கும்போதுதான் பார்த்தேன். ஏகப்பட்ட பேர் அசுவினி. அதுல சிலருக்கு ராசி கன்னி, சிலருக்கு மீனம். கார்த்திகைன்னா முதல் பாதம் மேஷம், மத்த 3 பாதமும் ரிஷபம், ரெண்டும் வரலாம். அசுவினிக்கு 4 பாதமும் மேஷம்தான்.

பொருந்தாத பெயர்களை எடுத்துடலாம்னு ஒருத்தர் சொன்னாரு. மனசு வரல, போன் போட்டேன்.

முதல்ல எடுத்தது ஒரு பாட்டி. "நான் தோட்டத்துல பொறந்தவ தம்பி. யாரும் நாள், நேரம் எழுதி வைக்கல. நட்சத்திரம் போடாம போகமாட்டேங்குதுன்னு பேரன் சொன்னான். முதல்ல என்ன இருக்கோ அதைப் போடுடான்னேன். ராசிக்கு அவன் ராசியையே போட்டுட்டான். சாமி கோவிச்சுக்குமா?"

எனக்குப் பேச்சு வரல. பாட்டி பொய் சொல்லல. உண்மையைச் சொல்ல நான் அவங்களுக்கு ஒரு கட்டம் வைக்கல. காலிக் கட்டமா இருந்தா தெரியலன்னாவது நமக்குப் புரியும். கட்டாயப்படுத்தி வாங்கின பதில்ல அதுகூட தெரியாது.

இன்னொண்ணு. ராசிப் பட்டியல்லயும் முதல்ல இருக்கறது மேஷம். ரெண்டுலயும் முதலாவதை அமுக்கியிருந்தா அசுவினி, மேஷம்னு கச்சிதமா பொருந்திடும். அவங்களை எங்களால கண்டுபிடிக்கவே முடியாது. அதனாலதான் இந்தப் பதிவு.

இப்ப ஃபார்மை மாத்திட்டேன். பெயரும் போன் நம்பரும் மட்டும் கட்டாயம். நட்சத்திரப் பட்டியல்ல 27க்கும் மேல முதல் வரியா, "தெரியாது, சுவாமி பெயருக்கு அர்ச்சனை" இருக்கு. காலங்காலமா கவுண்டர்ல செய்யறதுதான், ஃபார்ம்ல வைக்க நான் மறந்துட்டேன்.

ஏதோ ஒண்ணை அமுக்கி அனுப்பினவங்க தயவுசெஞ்சு வாட்சப்ல சொல்லுங்க, இல்ல கவுண்டர்ல சொல்லுங்க. வீட்டுப் பெரியவங்களுக்கு ஃபார்ம் போட்டுக் கொடுத்த பிள்ளைங்க, அவங்களை ஒரு தடவை கேட்டுப் பாருங்க. யார் பேரையும் எடுக்க மாட்டோம்.

முருகா சரணம் 🙏