எழுத்துக் கோத்தவர்

யாழ்ப்பாணத்தின் அச்சுக்கலை வரலாற்றை எழுதுவோர் 1841 இல் வெளிவந்த ‘உதயதாரகை’யைக் குறிப்பிடுவர், பின்னர் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் நிறுவிய அச்சுக்கூடத்துக்கு வருவர். பதிப்பாசிரியர் பெயர் வரும். உரிமையாளர் பெயர் வரும். பொருளுதவிய பிரபுவின் பெயரும் தவறாது வரும். எழுத்துக் கோத்த கைகளைப் பற்றி ஒரு வரியேனும் காண்பது அரிது. பல்கலைக்கழகத்தில் தமிழ் பயின்றபோது எமக்கும் பதிப்பு வரலாறு அவ்வாறே கற்பிக்கப்பட்டது. ஆயின், எமது வீட்டுக்கு இரண்டு வளவு தள்ளி அத்தகைய கைகளுக்குரிய ஒருவர் வாழ்ந்தார். அவர் எமது பெரியப்பா.

1958 இல், பதினைந்து வயதில், எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு நகரிலுள்ள ஓர் அச்சுக்கூடத்தில் அவர் சேர்ந்தார். தகப்பனார் இறந்துவிட்டார். தாயும் இளையவர் மூவரும் இருந்தனர். அம்மூவருள் ஒருவரே எமது தந்தையார். மணம் முடிப்பதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பே அவர் குடும்பஸ்தராகிவிட்டார் என்று சொல்லலாம்.

அச்சுக்கோத்தல் எத்தகைய வேலை என்பதனை இன்றைய மாணவர் அறியார். தமிழ் எழுத்துப் பெட்டியின் அறைகள் ஒன்றிரண்டல்ல. உயிரும் மெய்யும் வேறு. ஒவ்வொரு மெய்க்கும் உரிய உகர, ஊகார வடிவங்கள் வேறு. துதிக்கை போல் வளைந்த பழைய ஐகார வடிவங்கள் வேறு. தமிழ்நாட்டரசு 1978 இல் அவ்வளைவுகளைக் கைவிட்ட பின்னரும், ஈழத்து அச்சுக்கூடங்கள் பல கைவசமிருந்த எழுத்துகளோடேயே காலந்தள்ளின. இவ்வளவு அறைகளையும் கண் பாராமல் விரல் அறிதல் வேண்டும். இடம் வலமாக மாறிய எழுத்தைத் தலைகீழாக அடுக்கி, அடுக்கியதை அப்படியே வாசித்துப் பிழை காணல் வேண்டும். அச்சாகிய பின் எழுத்துகளைக் கழுவி, ஒவ்வொன்றையும் அதனதன் அறையில் மீண்டும் இடல் வேண்டும். கோப்பதற்குப் பக்கக் கணக்கிற் கூலி உண்டு. கலைத்து இடுவதற்கு அவருடைய அச்சுக்கூடத்திற் கூலி கிடையாது.

எழுத்தின் உலோகத்தில் ஈயமே பெரும்பகுதி. அதனை அவர் நன்கு அறிந்திருந்தார். வேலையால் வந்ததும் சைக்கிளை வேலியோடு சாத்திவிட்டு நேரே கிணற்றடிக்குப் போவார். பெரியம்மா தும்பும் சவர்க்காரமும் மாற்றுச் சாரமும் அங்கே வைத்திருப்பார். கை கழுவி, உடை மாற்றும் வரை பிள்ளைகள் எவரையும் தொடவிடமாட்டார். “கிட்ட வராதை, ஈயம்” என்பதே மாலையில் அவர் வாயிலிருந்து நாம் கேட்கும் முதற் சொல். பிள்ளைகளுக்கு ஆகாத அவ்வுலோகத்தைத் தாம் நாள்தோறும் பத்து மணிநேரம் கையாண்டது பற்றி அவர் ஒன்றும் சொன்னதில்லை.

அந்தியேட்டிக் கல்வெட்டுகள்தாம் அவருக்கு மேலதிக வருவாய். முப்பத்தோராம் நாளை எவராலும் தள்ளிவைக்க முடியாது. ஆதலால் இரவு வேலை. சிவபுராணமும் மனைவி புலம்பலும் மக்கள் புலம்பலும் கலைக்கப்படாமல், நூலாற் கட்டப்பட்டுத் தட்டிலே இருக்கும். பெயரையும் ஊரையும் திதியையும் மாற்றினாற் போதும். எங்கள் பகுதியின் விதவைகள் பலர் பல்லாண்டு காலம் ஒரே புலம்பலைத்தான் புலம்பினர் என்பது பெரியப்பா ஒருவருக்கே தெரிந்த இரகசியம்.

இந்த இரவுகளின் கூலி எங்கே சென்றது? அவருக்குப் பெண்கள் மூவர். மூவருக்கும் சீதனம் வேண்டும். தாம் பிறந்த மண்ணில் இருந்த பரப்புக்காணியைத் துண்டாக்கி, கல்லுக்கல்லாகச் சேர்த்து வீடு கட்டினார். முதல் இருவருக்கும் காணியும் காசும் போயின. வீடு இளையவளுக்கு எழுதப்பட்டது. கடைசிக் காலத்தில் அவரும் பெரியம்மாவும் அவ்வீட்டின் பின்னறையில், மருமகனுடைய வீட்டில் இருப்பவர்கள்போல் இருந்தனர். இதனைத் தியாகம் என்று புகழ எமக்கு மனமில்லை. மூன்று ஆடவருக்குச் சொத்துச் சேர்ப்பதற்காக ஒரு தொழிலாளியின் கண்பார்வையை முப்பதாண்டுகள் உறிஞ்சிய வழக்கத்தை வேறு பெயராலேயே அழைத்தல் வேண்டும். பல்கலைக்கழகத்திற் கற்ற உற்சாகத்தில் இதனை ஒருமுறை அவரிடமே கூறினோம். அவர் சிரித்தார். “நீ சொல்லுறது சரி. ஆனா நான் குடுக்காட்டி, முதல்லை நட்டப்படுகிறது என்ரை பிள்ளையெல்லோ” என்றார். அக்கேள்விக்கு எம்மிடம் அன்று விடை இருக்கவில்லை.

1990 இற்குப் பிந்திய பொருளாதாரத் தடைக்காலத்தில் மின்சாரம் இல்லை. ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் எழுத்துக் கோத்தார். செய்தித்தாள்கள் அப்பியாசக் கொப்பித் தாளில் அச்சான காலம் அது. 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமம் முழுவதும் பெயர்ந்தபோது அவரும் குடும்பத்தோடு தென்மராட்சிக்கு நடந்தார். அடுத்த ஆண்டு சித்திரைக்குப் பின் திரும்பிவந்து பார்த்தபோது, அச்சுக்கூடத்தின் பெட்டிகள் யாவும் கவிழ்ந்து, எழுத்துகள் நிலத்திலே குவியலாகக் கிடந்தன. ககரமும் ஙகரமும் காற்புள்ளியும் கண்ணாடித் துண்டுகளும் ஒன்றாகக் கலந்திருந்தன.

பாயை விரித்துக் குந்தியிருந்து அக்குவியலை அவர் தனியொருவராகத் தெரிந்தெடுத்தார். நான்கு மாதங்கள் சென்றன. பாடசாலை விட்டு வரும் வழியில் நாம் யன்னலில் நின்று பார்த்திருக்கிறோம். எமக்கும் தெரிந்தெடுக்க ஆசை. ஈயத்தைக் காட்டி விரட்டிவிடுவார். அந்நான்கு மாதங்களுக்கும் அரைச் சம்பளமே கொடுக்கப்பட்டது. அச்சாகாத நாட்களுக்கு முழுச் சம்பளம் எங்ஙனம் கொடுப்பது என்பது முதலாளியின் நியாயம்.

2002 இல் கண்டி வீதி திறந்தது, கணினிகள் வந்தன, மறு ஆண்டு பெரியப்பா நிறுத்தப்பட்டார். ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் நிறைவேறிய 1958 ஆம் ஆண்டிலேயே வேலைக்குச் சேர்ந்தவர் அவர். ஆயினும் நாற்பத்தைந்து ஆண்டுகளுள் ஒன்பது ஆண்டுகளுக்கே அவர் பெயரிற் பணம் கட்டப்பட்டிருந்தது. தொழிற் திணைக்களத்தில் முறையிடுமாறு எமது தந்தையார் வற்புறுத்தினார். அவர் மறுத்தார். இளையவளின் கலியாணத்துக்குக் கைமாற்றுத் தருவதாக முதலாளி சொல்லியிருந்தார். குடும்பத்தை நேசிக்கும் மனிதனைக் கொண்டு வேலை வாங்குவதில் முதலாளிக்கு வேறொரு பிணையும் தேவைப்படுவதில்லை.

2019 இல் அவர் காலமானார். கல்வெட்டுக்குரிய வாழ்க்கைக் குறிப்பை எழுதும் பணி, தமிழாசிரியர் என்ற முறையில் எமக்கு வந்தது. ‘அச்சுக்கோப்பாளர்’ என்று எழுதியிருந்தோம். வெளிநாட்டிலிருந்து வந்திருந்த மூத்த மருமகன் அதனை ‘அச்சக முகாமையாளர்’ என்று மாற்றவேண்டும் என்றார், சம்பந்திமார் பார்ப்பார்களாம். உறவினர் பலரும் அதற்கு இசைந்தனர். நாம் மறுத்தோம், வார்த்தை தடித்தது. பெரியம்மாவைக் கேட்கலாம் என்று எவரோ சொன்னார்.

“அவர் எழுத்துக் கோத்தவர். அப்பிடியே போடு தம்பி,” என்றார் பெரியம்மா. “முகாமையாளர் எண்டால் உந்த உடுப்பெல்லாம் நான் ஏன் தோய்ச்சனான்?”

அவ்வாறே அச்சாயிற்று. ஆடு வளர்த்தும் சீட்டுப் பிடித்தும் மாவிடித்து விற்றும் அக்குடும்பத்தின் மறுபாதியைச் சுமந்த பெரியம்மாவைப் பற்றி ஒரு பந்தி சேர்த்திருந்தோம். அதனை வாசிக்கக் கேட்டதும் வெட்டச் சொல்லிவிட்டார்.

“நான் இன்னும் இருக்கிறன்தானே. எனக்கேன் இப்பவே கல்வெட்டு?”