கயிறு காத்த சேணம்

குடும்பத் தொழிலைத் தொடர்வதா, மூடிவிடுவதா என்று தவிக்கும் பிள்ளைகளுக்கு நான் ஷெரிடன் ஊர்ச் சேணக் கடையைப் பற்றிச் சொல்வதுண்டு. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், பிக்ஹார்ன் மலையடிவாரத்தில் இருக்கிற சிறு நகரம் அது. கடையின் பெயர் கிங்ஸ் சேடல்ரி.

கடையை நிறுவிய டான் கிங் 1923-இல் பிறந்தவர். அப்பா பண்ணை பண்ணையாக வேலை தேடிப் போன கௌபாய். பதின்ம வயதிலேயே தோலில் பூ செதுக்கப் பழகிய மகன், இரண்டாம் உலகப் போர் முடிந்து 1946-இல் ஷெரிடனுக்கு வந்து, ரூடி முத்ரா என்ற சேணக்காரரிடம் தொழில் கற்றார்.

அந்த வேலையின் நுணுக்கத்தைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. தோலைப் பதமாக நனைத்து, சுழல் கத்தியால் கோடு கீறி, சிறு அச்சுகளை வைத்துத் தட்டித் தட்டி இதழ்களை எழுப்புவார்கள். பூவெல்லாம் காட்டு ரோஜா. ஒரு பூவைச் சுற்றி வரும் கொடி அடுத்த பூவின் கொடியோடு பின்னிக்கொள்ளும். இடையில் விரல் வைக்க இடம் இருக்காது. டான் கிங் கையில் வளர்ந்த இந்த முறைக்கு ‘ஷெரிடன் பாணி’ என்றே பெயர். ரோடியோ என்னும் கௌபாய் விளையாட்டின் உலகச் சாம்பியன்களுக்கான பரிசுச் சேணங்களை அவர் செய்தார். 1984-இல் எலிசபெத் ராணி கடைக்கு வந்து பார்த்தார். 1991-இல் அமெரிக்க அரசு தேசிய மரபுக் கலைஞர் விருது தந்தது.

இத்தனை பெயர் இருந்தும், அந்தக் கடை செதுக்குச் சேணத்தை மட்டும் நம்பியிருக்கவில்லை. நல்ல சேணம் வாங்கியவன் ஆயுளுக்கும் அதிலேயே உட்காருவான். மாடு பிடிக்கும் சுருக்குக் கயிறோ தேயும், தளரும். திரும்ப வந்துதான் ஆகவேண்டும். 1960-களில் மகன்களோடு கடையை வளர்த்தபோது டான் கிங் கயிற்று வியாபாரத்திலும் இறங்கினார். கயிற்றை இழுத்துப் பதப்படுத்தி, அளவாக வெட்டி, முனையில் கண்ணி முடிந்து கொடுக்கவேண்டும். மாட்டின் கொம்பில் வீசுகிறவனுக்குச் சற்று இளக்கமான கயிறு, பின்னங்காலில் வீசுகிறவனுக்கு விறைப்பான கயிறு. பார்வைக்கு எளிய சரக்குதான். அதிலும் இவ்வளவு ஞானம் வேண்டியிருக்கிறது. ‘கிங் ரோப்ஸ்’ (கிங் கயிறுகள்) என்று எழுதிய கடைத் தொப்பி உலகமெங்கும் போய்விட்டது. கலையை ஊரார் புகழ்வார்கள். கடை வாடகையை மாதாமாதம் கட்டுவது கயிறு மாதிரி ஒரு சரக்குதான். அதைக் கேவலமாக நினைக்கிற வாரிசுகளைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இன்னொன்று, அவர் வித்தையைப் பூட்டி வைக்கவில்லை. மகன்களுக்குச் சொல்லிக் கொடுத்தது போலவே வெளியாட்களுக்கும் சொல்லிக் கொடுத்தார். சேர்த்துவைத்த பழஞ்சேணங்களையும் ஊரார் பார்க்கக் கடைக்குப் பின்னாலேயே அருங்காட்சியகம் ஆக்கினார். 2007-இல் அவர் காலமானார். ஜப்பானில்கூட இன்று தோல் கலைஞர்கள் ஷெரிடன் பாணியில் ரோஜா செதுக்குகிறார்கள். அதனால் ஷெரிடன் கடைக்கு ஒரு நஷ்டமும் வந்துவிடவில்லை.