பரங்கிக்காய்க் கூட்டு
(காவிரிக் கரையோரம் – 4)

திருவையாற்றைத் தாண்டி ஒரு கிராமம். சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. டீக்கடையில் எனக்கு 12 ரூபாய்; வயலிலிருந்து ஏறி வந்த நாலு பையன்களிடம் தலைக்கு 15. ஏன் என்றேன். "வடக்கனுங்கதானே சார்" என்றார் கடைக்காரர்.

எனக்குக் கோபம் பொங்கிவிட்டது. அவர்கள் முழங்காலில் சேறுகூடக் காயவில்லை. அவர்கள் நடும் நெல்தானே நம் இலைக்கு வரப்போகிறது! நான் சத்தம் போட, வயல்கார அம்மா வரப்பிலிருந்து வந்துவிட்டார்.

"ஏன்யா, வங்காளத்துப் புள்ளைங்கள வடக்கன், இந்திக்காரன்னுக்கிட்டு? ஆளுக்கு ஒரு பேரு இருக்குல்ல? காச குடு."

12 ரூபாய் திரும்பி வந்தது. "நீங்களும் சாப்பிட வாங்க தம்பி" என்றார் என்னிடம்.

துடைத்துவைத்த திண்ணை, வாழையிலை, ஆவி பறக்கும் சோறு. கூட்டை அள்ளி வைத்து, "பரங்கிக்காய், சாப்பிடுங்க" என்றார். அந்தப் பெயரில் கை நின்றது.

சிலுவைப் போர்க் காலத்தில் ஐரோப்பாவிலிருந்து வந்தவர்களை எல்லாம் 'ஃபிராங்க்' இனத்தார் என்றே அரபியர் கொண்டார்கள். அது பாரசீகத்தில் 'ஃபரங்கி' ஆயிற்று. 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தபின் போர்ச்சுக்கீசியர் நமக்குப் பரங்கியர். பரங்கிப்பேட்டை, பரங்கிமலை என்று ஊர்களுக்கும் ஒட்டிக்கொண்டது. அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து கப்பலேறி வந்த இந்தக் காயும் பரங்கிதான். நாகப்பட்டினத்தை 1658-இல் பிடித்த டச்சுக்காரர்களையாவது ஹாலந்தை ஒட்டி ஒல்லாந்தர் என்றோம். யவனர் என்ற சொல்லோ ஐயோனியக் கிரேக்கரில் தொடங்கி மேற்கேயிருந்து வந்த பலர்மேலும் படர்ந்தது. ஸ்பானியர் அயலாரைச் சொல்லும் 'கிரிங்கோ'வும் கிரேக்கனைக் குறிக்கும் 'கிரியேகோ'விலிருந்து வந்தது என்பதே பெரும்பாலான அறிஞர்கள் முடிவு. மலாகா நகரில், நாக்கில் ஸ்பானியம் படியாத அயலாருக்கு அந்தப் பெயர் இருந்ததை 1787-இல் அச்சான அகராதியே சொல்கிறது. வந்தவனிடம் உன் பெயர் என்ன என்று கேட்பதற்குள் எல்லா ஊரிலும் ஒரு பெயர் தயாராகிவிடுகிறது. இது எனக்கு வலிக்கிறது.

பையன்களில் இளையவன் கூட்டைத் தொட்டுக் காட்டி, "மிஷ்டி கும்ரோ" என்றான். மிஷ்டி என்றால் இனிப்பு என்று எனக்குத் தெரியும். மதுரையில் எங்கள் வீட்டில் இந்தக் காய்க்குச் சர்க்கரைப் பூசணி என்றுதான் பெயர். அதை அந்த அம்மாவிடம் சொன்னேன்.

"அப்ப நீங்க ரெண்டு பேரும் ஒரே ஊரு" என்று சிரித்து, அவன் இலையில் இன்னொரு கரண்டி வைத்தார்.