ஹீத்கிட் கையேடும் எல்லைப்புறத் தமிழ் மாணவரும்

வாங்குவோரே கட்டிக்கொள்ளும் மின்னணுக் கருவிகளை விற்ற பழைய ஹீத்கிட் நிறுவனம் மீண்டும் உயிர்பெறக்கூடும் என்ற பேச்சு அமெரிக்காவில் எழும்போதெல்லாம், அங்கே குடியேறிய தமிழ்ப் பொறியாளரிடையே ஒரு கருத்து மறுப்பின்றி நிலைபெற்றுவிடுகிறது. கருவியைத் தன் கையால் கட்டிப் பார்க்கும் பழக்கம் அந்நாட்டுக்கே உரியது என்பதும், கேரளத்தின் பாலக்காட்டு எல்லையிலோ இடுக்கி மலையிலோ பிறந்தவருக்கு அது வாய்க்கவில்லை என்பதும் அக்கருத்து. இதன் முற்பாதியில் உண்மை உண்டு. பிற்பாதி ஊரை மறந்தவர் கூற்று.

கிட் என்பது ஒரு கருவிக்கு வேண்டிய உதிரிப்பாகங்களையும் அவற்றை இணைக்கும் முறையைச் சொல்லும் கையேட்டையும் ஒரே பெட்டியில் தருவது. ஹீத்கிட் பெயருக்கு உரியவரான எட்வர்டு ஹீத் 1920களில் வாங்குவோரே கட்டிக்கொள்ளும் சிறு விமானத்தை விற்றார். அவர் 1931இல் இறந்தபின் அவரது நிறுவனத்தை வாங்கிய ஹோவர்டு ஆண்டனி, போரில் எஞ்சிய மின்னணுப் பாகங்களைக் கொண்டு, மின்னலையைத் திரையில் கோடாகக் காட்டும் ஆசிலோஸ்கோப்பை 1947இல் 50 டாலரைத் தாண்டாத விலைக்குக் கொடுத்தார்.

ஆயினும் மிச்சிகன் மாநிலத்துப் பென்டன் ஹார்பரிலிருந்து வந்த அப்பெட்டிகளில் உண்மையான அரும்பொருள் கையேடுதான். எந்த நிறக் கம்பியை எவ்வளவு நீளத்துக்கு வெட்டுவது, எந்த மின்தடையின்மேல் எந்த நிறப் பட்டைகள் இருக்கும் என்பவற்றை அது படிப்படியாகச் சொன்னது. ஒவ்வொரு படியையும் முடித்ததும் குறியிட இடம் விட்டது. ஓர் இணைப்பில் சால்டரிங் செய்யுமுன், அதாவது ஈயத்தை உருக்கிப் பற்றவைக்குமுன், அங்கே எத்தனை கம்பிகள் வந்து சேர்ந்திருக்க வேண்டும் என்பதையும் எண்ணால் குறித்தது. எண் பொருந்தாவிடில், முந்தைய படியில் நேர்ந்த பிழையைக் கட்டுபவர் அங்கேயே கண்டுகொண்டார். இறுதிப் பக்கங்களில் சுற்று இயங்கும் விதமும், பழுது நேர்ந்தால் எங்கே எவ்வளவு மின்னழுத்தம் இருக்க வேண்டும் என்ற அட்டவணையும் இருந்தன. படிக்கத் தெரிந்த எவரையும் தோற்கவிடக் கூடாது என்று ஒரு வணிக நிறுவனம் எடுத்துக்கொண்ட இந்த அக்கறைக்கு ஈடானது இந்திய மின்னணுத் துறையில் எழவில்லை.

எழாததற்குக் காரணம் மக்களின் கை அன்று. வானொலிப் பெட்டி வைத்திருக்கவே அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் செலுத்தும் நிலை 1980களின் நடுப்பகுதி வரை நீடித்த நாட்டில், இறக்குமதி வரியும் உதிரிப்பாகங்களை எட்டாப் பொருளாக்கியது. அந்நிலையிலும் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, மூணாறு கடைவீதிகளின் ரேடியோ மெக்கானிக்குகள், கோயம்புத்தூரிலும் சென்னை ரிச்சி தெருவிலும் கிடைத்த பாகங்களை வைத்து, கையேடே இல்லாமல், தேயிலைத் தோட்டத்து லயங்களில் இலங்கை வானொலியை ஒலிக்கச் செய்த பெட்டிகளை உயிரோடு வைத்திருந்தனர். அமெரிக்கர் கையேட்டைப் பார்த்துக் கட்டினார். இவர்களோ பழுதானதைப் பிரித்துப் பார்த்தே சுற்றை அறிந்தனர் என்பதால், திறமையில் இவர்களே ஒரு படி மேல். 1973இல் கேரள அரசின் மின்னணு நிறுவனமான கெல்ட்ரானும், 1976இல் பாலக்காட்டில் ஐ.டி.ஐ. தொலைபேசித் தொழிற்சாலையும் வந்தன. அவை பொருளையும் வேலையையும் தந்தன, கையேட்டை வீட்டுக்குள் கொண்டுவரவில்லை.

வாங்குபவரின் கைவேலையால் மிச்சமாகும் கூலிதான் கிட்டின் மலிவுக்கு அடிப்படை. இயந்திரமே பாகங்களைப் பலகையில் பொருத்தத் தொடங்கியதும் அந்த மிச்சம் மறைந்தது, ஹீத்கிட்டும் 1992இல் கிட் விற்பனையை நிறுத்தியது. 2011இல் மீண்டும் தொடங்குவதாக அறிவித்து, அடுத்த ஆண்டே மூடி, 2015இல் ஏறத்தாழ 150 டாலர் விலையில் ஒரு சிறு வானொலியோடு திரும்பிய அப்பெயர், முதியவரின் நினைவை விற்கிறதே தவிரப் புதிய மாணவரைத் தேடவில்லை.

புதிய மாணவர் கேரளத்தில் இருக்கிறார். 2022 டிசம்பரில் அம்மாநில அரசின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனமான கைட் 2,000 பள்ளிகளுக்கு 9,000 ரோபோட்டிக் கிட்டுகளை வழங்கத் தொடங்கியது. 2025இல் பத்தாம் வகுப்புப் பாடத்திலேயே ரோபோட்டிக்ஸ் இடம்பெற்றது. தமிழிலும் பாடநூல் அச்சிடும் அரசின் இந்த முயற்சி, அமெரிக்கப் பள்ளிகள் பலவும் பொறாமைப்படத்தக்கது. இனி வேண்டியது ஹீத்கிட் தரத்தில் ஒரு தமிழ்க் கட்டுமானக் கையேடு. சித்தூரிலும் மறையூரிலும் தமிழ்வழியில் பயிலும் மாணவருக்கு அதைப் படம் வரைந்து, படிப்படியாக எழுதித் தரும் பொறுப்பை, அவ்வூர்களிலிருந்து சென்று அயல்நாட்டில் ஓய்வுபெற்ற பொறியாளர்கள் ஏற்க வேண்டும்.