மைசூருக்குப் போன ஊஞ்சல்

"உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெறலாமடா, தம்பி, சாமான்களிடமிருந்து ஓய்வு பெற முடியாது!" என்று என் தமையனார் சொன்னபோது, வேடிக்கைக்குச் சொல்கிறார் என்றே எண்ணினேன்.

கும்பகோணத்தில் முப்பது வருஷம் கணக்குப் போதித்து, அறுபதாவது வயதில் ஓய்வு பெற்றவர் அவர். ஒரே புதல்வி மைசூரில் வேலை பார்க்கிறாள். மைசூரோ கடல் மட்டத்துக்குச் சுமார் 2,500 அடி உயரத்தில் உள்ள நகரம். சித்திரை மாதத்துக் கும்பகோணத்தை அறிந்த நேயர்களுக்கு இதற்குமேல் காரணம் கூற வேண்டியதில்லை.

சாமான் ஜாபிதா எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மர பீரோக்கள் மூன்று, ஆட்டுக்கல், உரல், பித்தளை அண்டாக்கள், பாடக் குறிப்பு நோட்டுகள் ஒரு பெட்டி. மாலையில் நான் அடித்தவற்றையெல்லாம் மறுநாள் காலையில் தமையனார் திரும்ப எழுதியிருப்பார். தேக்கு ஊஞ்சலைப் பற்றி மட்டும் இருவருமே பேசவில்லை. அதில் உட்கார்ந்துதான் அண்ணி கீரை ஆய்வது வழக்கம். அவர் காலமாகி மூன்று வருஷமாகிறது.

ரயிலில் படுக்கை வசதியுள்ள இரண்டாம் வகுப்புப் பிரயாணி 40 கிலோ சாமான் இலவசமாகக் கொண்டு போகலாம். எங்கள் உரல் ஒன்றே அந்தக் கணக்கைத் தீர்த்துவிடும்! ஆகவே லாரி பேசினோம். தட்டுமுட்டுச் சாமான்கள் மாநிலம் மாறுவதில் சங்கடம் ஒன்றுமில்லை. ஸ்கூட்டருக்குத்தான் வந்தது வினை. வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருப்பதானால், பழைய ஊர் ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஆட்சேபமில்லை என்று சான்று வாங்கி, புதிய ஊரில் வரி கட்டிப் புது எண் பெற வேண்டும். மனிதனுக்கு இந்த நிபந்தனை இல்லையே என்று சந்தோஷப்பட்டோம்.

லாரியை முன்னால் அனுப்பிவிட்டு, இரவு ரயிலில் நாங்கள் கிளம்பினோம். காலையில் மண்டியாவின் கரும்பு வயல்களைத் தாண்டி, ஸ்ரீரங்கப்பட்டணத்தில் வண்டி காவிரியைக் கடந்தது. தமையனார் எழுந்து நின்று பார்த்தார்.

"இந்தத் தண்ணீர் நம் ஊருக்குத்தானே போகிறது?" என்றார்.

"ஆமாம், அண்ணா" என்றேன். அதற்குப் பிறகு ஸ்டேஷன் வரும்வரை அவர் வாய் திறக்கவில்லை.

லாரி வந்து சேரவில்லை. சத்தியமங்கலம் வழியாகப் போனால் திம்பம் மலைப் பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள் ஏற வேண்டும். வன விலங்குகளை உத்தேசித்து, 2022 முதல் அங்கே இரவில் சரக்கு வண்டிகள் போகக்கூடாது. பொழுது சாய்ந்து போய்ச் சேர்ந்த எங்கள் லாரி பண்ணாரியில் நின்றுவிட்டது.

இரண்டு செம்பு, ஒரு ஜமக்காளம். இவற்றோடு காலி வீட்டில் ஒன்றரை நாள் குடித்தனம் செய்தோம். அந்த ஒன்றரை நாளும் தமையனார் இருபது வயது குறைந்தவர்போல் இருந்தார். தேவராஜா மார்க்கெட்டில் பூக்குவியல்களிடையே ஒரு மணி நேரம் சுற்றினார். ஊரில் மூன்று தெரு நடந்தால் மூட்டுவலி என்பவர், சாமுண்டி மலையில் ஆயிரம் படிகள் உண்டு என்று கேட்டும் அஞ்சாமல், பாதிக்கு மேல் ஏறிப் பெரிய கல் நந்தியைக் கண்ட பிறகுதான் உட்கார்ந்தார். 'லாரி அப்படியே திரும்பிப் போய்விட்டாலும் மோசமில்லை' என்று எனக்குத் தோன்றியது. சொல்லத் துணிவில்லை.

மறுநாள் மத்தியானம் லாரி வந்தது. பீரோக்களில் இரண்டு மாடிப்படி திரும்ப மறுத்ததால் கீழேயே தங்கின. உரலைக் கண்டதும் வீட்டுக்கார அம்மாள், "ஒரளு!" என்று சிரித்தார். கன்னடத்திலும் கிட்டத்தட்ட அதே பெயர்தான். தென்னை மரத்தடியில் அதற்கு இடமும் கொடுத்தார்.

ஊஞ்சலுக்குத்தான் வழியில்லை. கான்கிரீட் கூரையில் வளையம் கிடையாது. துளையிட வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. சங்கிலிகளைச் சாக்கில் கட்டிப் பரணில் போட்டோம். பலகையை நான்கு செங்கல் அடுக்குகளின்மேல் ஜன்னலோரமாக வைத்தேன்.

மாலையில் காப்பியுடன் வந்தபோது தமையனார் அதன்மேல் உட்கார்ந்திருந்தார். பலகை அசையவில்லை. அவருடைய வலது கால் மட்டும் பழக்க விசேஷத்தால் தரையை மெல்ல உந்திக்கொண்டிருந்தது.